தானுந்து எச்சரிக்கை விளக்குகள்

தானுந்து எச்சரிக்கை விளக்குகள் என்பவை தானுந்தின் (கார்) கருவிப் பலகையில் ஓட்டுநரின் பார்வைக்கு நேராக அமைந்துள்ள சிறிய ஒளிக்குறிகள் ஆகும். வண்டியின் ஏதேனும் ஓர் உறுப்பு பழுதடையும்போதும், அழுத்தம், வெப்பநிலை, நீர்ம மட்டம் முதலியவை வரம்பு கடக்கும்போதும், ஓட்டுநர் செய்ய மறந்த ஒன்றை நினைவூட்டவும் இவை ஒளிர்கின்றன. கருவிப் பலகை பேச்சு வழக்கில் டேஷ்போர்டு எனப்படுகிறது. தொடக்கத்தில் எஞ்சினின் நிலையை மட்டும் காட்டிவந்த இவ்விளக்குகள், பின்னர் ஏபிஎஸ் எனப்படும் பூட்டாப் பிரேக், காற்றுப்பை, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு ஆகிய பாதுகாப்பு அமைப்புகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதைக் காட்டும் பொறுப்பையும் ஏற்றன.

ஒரு விளக்கு எதைக் குறிக்கிறது என்பதோடு, எதைக் குறிக்காது என்பதையும் அறிந்திருத்தல் தேவை. ஒவ்வொரு விளக்கின் பின்னும் ஓர் உணரியோ ஒரு மின்சுற்றோ உள்ளது. அந்த உணரி அளக்காத எதையும் விளக்கால் சொல்ல இயலாது. ஆயில் விளக்கு ஆயிலின் அளவை அளப்பதில்லை. காற்றுப்பை விளக்கு பையை ஊதச் செய்யும் வேதிப்பொருளின் நிலையை அறிவதில்லை.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் விளக்குகளுக்குப் பதிலாக முள் அளவிகளே இருந்தன. 1912 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் என்னும் வெப்பமானி, எஞ்சினுக்கு முன்னால் உள்ள ரேடியேட்டர் மூடியின் மேலேயே பொருத்தப்பட்டது. ஓட்டுநர் முன்கண்ணாடி வழியாக அதைப் பார்த்து எஞ்சின் சூடாவதை அறிந்துகொள்வார். பின்னர் ஆயில் அழுத்தம், மின்னேற்றம், வெப்பநிலை ஆகியவற்றுக்கான அளவிகள் வண்டியின் உள்ளே இடம் பெற்றன.

1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்திற்கும் மின்னேற்றத்திற்கும் அளவிகளுக்குப் பதிலாக விளக்குகளைப் பொருத்தியது. பிற நிறுவனங்களும் இதைப் படிப்படியாகப் பின்பற்றின. அளவியை விட விளக்கின் விலை குறைவு என்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணம். வண்டியை நன்கு அறிந்த ஓட்டுநர்கள் இவற்றை எள்ளலாக "முட்டாள் விளக்கு" என்று ஆங்கிலத்தில் அழைத்தனர். முள் மெல்ல நகர்வதைப் பார்த்துப் பழுதை முன்கூட்டியே உணரலாம். விளக்கோ நிலைமை முற்றிய பிறகே எரியும் என்பது அவர்களின் குறை. அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் பெரும்பாலான ஓட்டுநர்கள் அளவிகளை நெடுநேரம் பார்ப்பதில்லை என்பதும், இருண்ட பலகையில் திடீரென ஒளிரும் சிவப்பு எவர் கண்ணையும் ஈர்க்கும் என்பதும் உண்மையே. இன்று பல தானுந்துகளில் உள்ள வெப்ப அளவியின் முள்ளும் உண்மையில் மென்பொருளால் ஆட்டுவிக்கப்படுகிறது. எஞ்சின் வெப்பநிலை வழக்கமான எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே அசையாது நிற்குமாறு நிரல் எழுதப்பட்டிருக்கும். ஆகவே அதுவும் முள் வடிவில் உள்ள ஒரு விளக்கு எனலாம்.

1986 ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனம் கேன் எனப்படும் தரவுப் பாட்டையை அறிமுகப்படுத்தியது. வண்டியில் உள்ள பல கணிப்பொறிகள் இரண்டு கம்பிகளின் வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப இது வழி செய்தது. அதன் பிறகு ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டிய தேவை குறைந்து, விளக்குகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது.

நிறங்களும் குறிகளும்

குறிகளின் வடிவங்களைப் பன்னாட்டுச் சீர்தர அமைப்பின் ஐ.எசு.ஓ. 2575 என்னும் சீர்தரம் வரையறுக்கிறது. எழுத்துகளைத் தவிர்த்துப் படங்களைப் பயன்படுத்துவதால் எந்த மொழி பேசுபவரும் இவற்றைப் புரிந்துகொள்ளலாம். சப்பானில் ஓடிய வண்டிகள் மிகுதியாக இறக்குமதியாகும் இலங்கையில் இதன் பயன் நன்கு தெரியும். அத்தகைய பல வண்டிகளின் திரையில் சொற்கள் சப்பானிய மொழியில் தோன்றினாலும் படக்குறிகள் மாறுவதில்லை.

நிறங்களின் பொருள் போக்குவரத்து விளக்குகளை ஒத்தது. சிவப்பு என்பது உடனடி இடர். வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்ட வேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம், ஓட்டிச் செல்லலாம் ஆனால் விரைவில் சரிபார்க்க வேண்டும் என்பதைக் குறிக்கும். பச்சை ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதையும், நீலம் முன்விளக்கின் உயர்கற்றை எரிவதையும் காட்டுகின்றன. சில வண்டிகளில் எஞ்சின் இன்னும் குளிர்ந்த நிலையில் உள்ளதைக் காட்ட நீல நிற வெப்பமானிக் குறி எரிவதும் உண்டு.

நிறத்தைப் போலச் சிமிட்டலுக்கு ஒரே பொருள் இல்லை என்பது இத்துறையின் ஒரு குறைபாடு. எஞ்சின் சோதனை விளக்கு சிமிட்டினால் நிலைமை மிக மோசம் என்று பொருள். நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு சிமிட்டினால் அவ்வமைப்பு அக்கணத்தில் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். டயர் அழுத்த விளக்கு சிமிட்டினால் டயரில் சிக்கல் என்பதை விட, அதை அளக்கும் அமைப்பில் பழுது என்று பொருள். இவற்றை நினைவில் கொள்ள வேறு வழியில்லை. வண்டியுடன் தரப்படும் கையேட்டைப் படிப்பதே வழி.

எச்சரிக்கை அல்லாத ஒரு குறியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. எரிபொருள் அளவியின் அருகில் உள்ள சிறு அம்புக்குறி, எரிபொருள் தொட்டியின் மூடி வண்டியின் எப்பக்கத்தில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஜிம் மொய்லன் 1986 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பே இதற்குத் தோற்றுவாய். பல ஆண்டுகள் வண்டி ஓட்டியும் இதைக் கவனியாதவர்கள் உண்டு.

தொடக்கச் சோதனை

சாவியைத் திருப்பியவுடன் அல்லது தொடக்கப் பொத்தானை அழுத்தியவுடன் ஏறத்தாழ எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடிகள் ஒளிர்ந்து அணைகின்றன. விளக்கே பழுதாகியிருந்தால் அது எச்சரிக்க முடியாது என்பதால் இந்தச் சோதனை ஏற்படுத்தப்பட்டுள்ளது. ஆயில், மின்னேற்ற விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னரே அணையும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு இச்சோதனை மிகவும் பயன்படும். அணையாத விளக்கு மட்டுமன்றி, எரியவே எரியாத விளக்கும் ஐயத்திற்குரியது. காற்றுப்பை விளக்கோ எஞ்சின் விளக்கோ தொடக்கத்தில் ஒரு முறையும் ஒளிரவில்லை எனில், பழுதை மறைக்க எவரோ அவ்விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

உடனே நிறுத்த வேண்டிய சிவப்பு விளக்குகள்

ஆயில் அழுத்த விளக்கு, சொட்டு விழும் ஆயில் குவளை வடிவில் இருக்கும். எஞ்சினின் சுழல்தண்டும் அதைத் தாங்கும் தாங்கிகளும் ஒன்றையொன்று தொடாமல் இடையே ஒரு மெல்லிய ஆயில் படலம் காக்கிறது. ஆயில் எக்கி தரும் அழுத்தமே அப்படலத்தை நிலைநிறுத்துகிறது. அழுத்தம் வீழ்ந்தால் உலோகத்தோடு உலோகம் உரசி, மிகக் குறுகிய நேரத்தில் எஞ்சின் இறுகிவிடக்கூடும். இவ்விளக்கை இயக்கும் அழுத்த ஆளி, பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் அளவுக்குக் கீழே இறங்கும்போதே மூடுகிறது. ஓடும் எஞ்சினுக்கு அது மிகக் குறைந்த அழுத்தம். ஆகவே ஓட்டத்தின் இடையில் இவ்விளக்கு எரிந்தால் "வீடு வரை போய்விடலாம்" என்று எண்ணுதல் கூடாது. எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். வளைவுகளில் மட்டும் ஒரு கணம் மின்னி மறைந்தால் ஆயில் மிகவும் குறைந்து, எக்கியின் உறிஞ்சுவாய் காற்றை இழுக்கிறது என்று கொள்ளலாம். ஆயிலின் அளவை அறிய, அளவுகோலை உருவிப் பார்ப்பதே உறுதியான வழி. அளவை உணரும் கருவி சில வண்டிகளில் தனியாக உள்ளது. அதன் குறி வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

வெப்பநிலை விளக்கு சிவப்பாக ஒளிர்ந்தால் குளிர்விப்பு நீர்மம் கசிந்திருக்கலாம், விசிறியோ நீர் எக்கியோ நின்றிருக்கலாம். வண்டியை நிறுத்தி எஞ்சினை ஆறவிட வேண்டும். சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. குளிர்விப்பு அமைப்பு அழுத்தத்தில் வைக்கப்பட்டிருப்பதால் உள்ளிருக்கும் நீர்மம் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, அது கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும்.

பிரேக் விளக்கு, வட்டத்துள் வியப்புக்குறி வடிவில் உள்ளது. கைபிரேக் விடுவிக்கப்படாமல் இருப்பதையும், பிரேக் நீர்மம் குறைந்திருப்பதையும் இது ஒன்றே காட்டுவதால் ஓட்டுநர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்வதுண்டு. கைபிரேக்கை முழுதும் விடுவித்த பிறகும் எரிந்தால் நீர்ம மட்டத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் பட்டைகள் தேயத் தேய நீர்மம் சிறிது இறங்குவது இயல்பு; கசிவினாலும் இறங்கலாம். இன்றைய தானுந்துகளில் பிரேக் குழாய்கள் இரண்டு தனிச் சுற்றுகளாக அமைந்துள்ளதால் ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் நிறுத்தத் தேவைப்படும் தொலைவு மிகவும் கூடும்.

மின்கல வடிவ விளக்கு, பேட்டரி கெட்டுவிட்டது என்பதைக் காட்டுவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது காட்டுவது ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்யவில்லை என்பதையே. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டிய மின்னழுத்தம் இறங்கி, வண்டி பேட்டரியில் சேமித்த மின்சாரத்தை மட்டும் கொண்டு ஓடும். குளிரூட்டி போன்றவற்றை அணைத்தால் சிறிது தொலைவு செல்லலாம். எனினும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே வார்ப்பட்டை சில வண்டிகளில் நீர் எக்கியையும் சுழற்றுகிறது. பட்டை அறுந்திருந்தால் மின்னேற்ற விளக்கைத் தொடர்ந்து வெப்ப விளக்கும் எரியும்.

எஞ்சின் சோதனை விளக்கு

எஞ்சின் வடிவில் மஞ்சளாக ஒளிரும் இவ்விளக்கு ஓட்டுநரை விடக் காற்றைக் காக்கவே பிறந்தது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம், புகை வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை வண்டியே கண்காணித்துப் பழுதை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. இதன் இரண்டாம் தலைமுறையான ஓபிடி-2 அமைப்பு, 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாத் தானுந்துகளிலும் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் பாரத் நிலை-4 விதிகளின் கீழ் 2010 ஆம் ஆண்டில் முதல் தலைமுறையும் 2013 ஆம் ஆண்டில் இரண்டாம் தலைமுறையும் நடைமுறைக்கு வந்தன.

பழுது தோன்றிய உடனேயே இவ்விளக்கு எரிவதில்லை. பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால் தானாக அணையும். தற்செயலான ஓர் அளவீட்டுப் பிழைக்காக ஓட்டுநரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். பழுதின் விவரம் ஐந்து எழுத்துகள் கொண்ட குறியீடாகச் சேமிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரியூட்டல் தவறுவதையும், பி0420 என்பது வினையூக்கி மாற்றியின் திறன் வரம்புக்குக் கீழ் இறங்கியதையும் குறிக்கும். சுக்கானுக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பியில் ஒரு சிறு கருவியைச் செருகி இவற்றை எவரும் படிக்கலாம். ஆனால் குறியீடு ஓர் அறிகுறியே அன்றி நோயின் பெயர் அன்று. ஆக்சிசன் உணரியைப் பற்றிய குறியீடு வந்தால் உணரியை மாற்றிவிட்டு, உண்மையான காரணமாகிய காற்றுக் கசிவை அப்படியே விடுவது பணிமனைகளில் நிகழும் ஒரு பொதுத் தவறு.

விளக்கு நிலையாக எரிந்தால் அளவான வேகத்தில் ஓட்டிச் சென்று பணிமனையில் காட்டலாம். சிமிட்டினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறி, வினையூக்கி மாற்றியினுள் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது என்று பொருள். விலை உயர்ந்த அவ்வுறுப்பு உருகிப்போகாமல் இருக்க முடுக்கியைத் தளர்த்தி விரைவில் நிறுத்த வேண்டும்.

டீசல் வண்டிகளில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு, சிலிண்டர் முன்சூடாவதைக் காட்டும். அது அணைந்த பின் எஞ்சினைத் தொடங்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடப்புக்கு வந்த பாரத் நிலை-6 விதிகளால் டீசல் துகள் வடிகட்டியின் விளக்கு பரவலாக அறியப்பட்டது. வடிகட்டியில் சேரும் கரி, வெளியேறும் வளிமம் நன்கு சூடாகும்போதுதான் எரிந்து தூய்மையாகும். நகர நெரிசலில் சிறு தொலைவுகள் மட்டுமே ஓடும் வண்டியில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. எனவே விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டுமாறு கையேடுகள் கூறுகின்றன. அதைப் புறக்கணித்தால் வண்டி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும்.

டயர் காற்றழுத்த விளக்கு

குதிரை லாட வடிவில் வளைந்த டயரின் குறுக்குவெட்டும் நடுவே வியப்புக்குறியும் கொண்டது இக்குறி. பயணியர் தானுந்துகளில் முதன்முதலாக 1986 ஆம் ஆண்டின் போர்சே 959 இல் இவ்வமைப்பு இடம் பெற்றது. ஆயினும் இது பரவலாக ஒரு பெருந்துயரமே காரணமாயிற்று. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பயன்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்படை ஓட்டத்தில் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் அமெரிக்காவில் 250 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 2000 ஆகத்தில் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் எல்லாப் புதிய இலகு வண்டிகளிலும் இவ்வமைப்பு கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய தானுந்துகளுக்கும் இது விதிக்கப்பட்டது.

அமெரிக்க விதியின்படி, பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்தை விட 25 விழுக்காடு குறையும்போது விளக்கு எரிய வேண்டும். 32 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் அழுத்தம் 24 ஆக இறங்கும் வரை விளக்கு மௌனமாக இருக்கலாம் என்பது இதன் பொருள். 27 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடும் டயர் கூடுதலாக வளைந்து சூடாகும், விரைவில் தேயும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். ஆதலால் விளக்கு எரியவில்லை என்பதைக் கொண்டு காற்றுப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது.

இவ்வமைப்பில் இரு வகைகள் உள்ளன. நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் பேட்டரியில் இயங்கும் உணரி இருந்து வானொலி அலை வழியே அழுத்தத்தை அனுப்புகிறது. அந்தப் பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். உணரி இல்லாத ஸ்டெப்னியை மாட்டினாலும் விளக்கு எரியும். மறைமுக வகையில் தனி உணரி எதுவும் இல்லை. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுச் சிறுத்து, அது மற்றவற்றை விட விரைவாகச் சுழலும். ஏபிஎஸ் அமைப்பின் சக்கர வேக உணரிகளைக் கொண்டே மென்பொருள் இதைக் கண்டுபிடிக்கிறது. செலவில்லாத இந்த உத்தியின் எளிய வடிவங்களில் ஓர் ஓட்டை உண்டு. நான்கு டயர்களிலும் காற்று ஒரே அளவில் குறைந்தால் வேறுபாடு எதுவும் தென்படாது.

ஏபிஎஸ், நிலைப்புக் கட்டுப்பாடு

பிரேக்கை வலிந்து மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வழுக்கிச் செல்லும். சுக்கானைத் திருப்பினாலும் திரும்பாது. 1978 ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் எஸ்-வகுப்பு வண்டிகளில் பாஷ் நிறுவனம் அளித்த ஏபிஎஸ், சக்கரம் பூட்டவிருக்கும் கணத்தில் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுத் தருவதன் மூலம் இதைத் தடுத்தது. அப்போது பிரேக் மிதி காலடியில் அதிரும். இதை அறியாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிக் காலை எடுத்துவிடுகிறார். விடாது அழுத்திக்கொண்டே சுக்கானால் விலகுவதே முறை. ஏபிஎஸ் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும், பூட்டாக் காப்பு இராது. அதனுடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓட்டுதல் கூடாது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய தானுந்துகளிலும் ஏபிஎஸ் கட்டாயம் ஆகும்.

நிலைப்புக் கட்டுப்பாடு இதன் அடுத்த படி. ஓட்டுநர் சுக்கானைத் திருப்பிய திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் ஏதேனும் ஒரு சக்கரத்திற்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியைத் தடத்திற்குக் கொண்டுவருகிறது. 1995 இல் விலை உயர்ந்த வண்டிகளில் அறிமுகமான இது சிறு வண்டிகளுக்கு வந்தது ஒரு நிகழ்ச்சியினால். 1997 அக்டோபரில் சுவீடனின் ஓர் இதழ், சாலையில் திடீரெனக் குறுக்கிடும் கடமானை விலகிச் செல்வது போன்ற சோதனையை நடத்தியபோது மெர்சிடிஸ் ஏ-வகுப்பு கவிழ்ந்தது. அந்நிறுவனம் வழங்கலை நிறுத்திவைத்து, விற்ற வண்டிகளைத் திரும்பப் பெற்று, எல்லா ஏ-வகுப்பு வண்டிகளிலும் நிலைப்புக் கட்டுப்பாட்டைப் பொருத்தியது. வழுக்கும் வண்டியும் நெளிந்த இரு தடங்களும் கொண்ட இதன் குறி, ஈரச் சாலையில் சிமிட்டுவது அஞ்சத்தக்கதன்று. ஆனால் சாலையின் பிடிப்பு எல்லையை வண்டி தொட்டுவிட்டது என்னும் செய்தி அதில் உள்ளது.

இருக்கைப் பட்டை நினைவூட்டி

வால்வோ நிறுவனத்தின் நில்சு போலின் 1959 ஆம் ஆண்டில் மூன்று முனை இருக்கைப் பட்டையை (சீட் பெல்ட்) உருவாக்கினார். பட்டையை அணிய வைப்பது அதை உருவாக்குவதை விடக் கடினமாயிருந்தது. 1974 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில், முன்னிருக்கைப் பட்டைகள் மாட்டப்படாவிட்டால் எஞ்சினே தொடங்காத ஏற்பாட்டை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் வண்டி கிளம்ப மறுத்ததால் மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அதை நீக்கியதோடு, கட்டாய ஒலி எச்சரிக்கை எட்டு நொடிகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்றும் தடை விதித்தது. அத்தடை 2012 ஆம் ஆண்டில்தான் விலக்கப்பட்டது.

இந்தியாவில் 2019 சூலை 1 முதல் தயாரிக்கப்படும் தானுந்துகளில் ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் பட்டை நினைவூட்டி, ஓட்டுநர் காற்றுப்பை, பின்நகர்வு உணரி ஆகியவை கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்தால் விட்டுவிட்டும் 120 கிலோமீட்டரைக் கடந்தால் தொடர்ந்தும் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும் அவ்விதிகளில் அடங்கும். இவ்வொலியை ஏமாற்ற, பட்டையின் பூட்டில் செருகும் வெற்றுக் கொக்கிகள் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு ஆணையிட, ஏறத்தாழ 13,000 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. இக்கொக்கியின் கேடு பட்டையோடு நிற்பதில்லை. காற்றுப்பை, பட்டை அணிந்தவரைக் கருத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டுள்ளது. பட்டையின்றி முன்னோக்கி வீசப்படும் உடலை அது விரியும் வேகத்திலேயே எதிர்கொண்டு காயப்படுத்தக்கூடும்.

பின்னிருக்கையில் பட்டை அணிவது இந்தியச் சட்டப்படி கட்டாயமாயினும் நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரசு மிசுத்திரி பின்னிருக்கையில் பட்டை அணியாத நிலையில் விபத்தில் இறந்ததை அடுத்தே இது பற்றிப் பரவலாகப் பேசப்பட்டது.

காற்றுப்பை விளக்கு

அமர்ந்த மனிதரும் அவர் முன் ஒரு வட்டமும் கொண்ட இக்குறி எரிந்தால், விபத்தில் காற்றுப்பைகள் விரியாமல் போகலாம். மோதலின்போது சுமார் 30 மில்லிநொடிகளில் பை விரிந்தாக வேண்டும் என்பதால் இதன் கணிப்பொறி எல்லா மின்சுற்றுகளையும் இடைவிடாது சோதித்துக்கொண்டே இருக்கிறது. முன்னிருக்கையின் அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பி, துப்புரவு செய்யும்போது தளர்ந்துபோவது இவ்விளக்கு எரிவதற்கு ஓர் எளிய காரணம். அதைத் தாமாகக் கழற்றி மாட்டுவது இடர். பேட்டரி துண்டிக்கப்பட்ட நிலையில் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

விளக்கு அணைந்திருந்தால் பை பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. தகாட்டா நிறுவனம் தயாரித்த ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைத்திரேட்டு, பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளை வாரி இறைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 இலட்சம் ஊதிகள் திரும்பப் பெறப்பட்டன. மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. மின்சுற்று சரியாக இருந்ததால் அவ்வண்டிகள் எதிலும் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்காது. வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு திரும்பப் பெறும் பட்டியலைப் பார்ப்பது தவிர இதை அறிய வழியில்லை.

ஜெனரல் மோட்டார்சின் சாவிப் பூட்டு விவகாரம் இன்னொரு வகை. 2014 இல் அந்நிறுவனம் சுமார் 26 இலட்சம் சிறு தானுந்துகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் சாவிப் பூட்டு தளர்வாக இருந்ததால், கனமான சாவிக் கொத்தின் எடையாலோ முழங்கால் இடித்தோ ஓட்டத்திலேயே சாவி ஒரு படி திரும்பிவிடும். உடனே எஞ்சின் நிற்கும். சுக்கானின் ஆற்றல் உதவி போகும். வண்டி நிறுத்தப்பட்டதாகக் கருதிக் காற்றுப்பைகளும் செயலிழக்கும். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 உயிரிழப்புகளை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கருவியும் தனக்கு இட்ட விதியைப் பிழையின்றிப் பின்பற்றியே இவ்விளைவு நேர்ந்தது. சாவி திரும்பியிருந்தால் வண்டி நிற்கிறது என்ற ஓர் ஊகமே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

ஓட்டுநர் உதவி அமைப்புகள்

கேமரா, ரேடார் ஆகியவற்றின் துணையுடன் முன்மோதல், தடம் விலகல், மறைபுலம், அயர்வு ஆகியவற்றை எச்சரிக்கும் அமைப்புகள் 2000களின் பிற்பகுதியிலிருந்து பெருகின. வால்வோ 2008 இல் குறைந்த வேகத்தில் தானே பிரேக் இடும் அமைப்பை எக்ஸ்சி60 வண்டியில் அளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 சூலை 7 முதல் பதிவாகும் எல்லாப் புதிய தானுந்துகளிலும் தானியங்கி அவசரப் பிரேக், தடம் காத்தல், வேக எல்லை உதவி, அயர்வு எச்சரிக்கை ஆகியவை இருந்தாக வேண்டும். காப்பிக் கோப்பை வடிவில் தோன்றும் அயர்வுக் குறி, பல வண்டிகளில் சுக்கான் அசைவுகளைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நீண்ட நேரம் சுக்கானைச் சிறிதும் திருத்தாமல் இருந்து பின் வெடுக்கென்று திருப்புவது தூக்கக் கலக்கத்தின் அடையாளம்.

இவற்றின் பெருஞ்சிக்கல் பொய் எச்சரிக்கை. கோடுகள் அழிந்த சாலையிலும், இடைவெளி விடாமல் நெருங்கி ஓடும் போக்குவரத்திலும் இவை ஓயாமல் ஒலிக்கும். ஓட்டுநர் சலித்து அணைத்துவிட்டால், உண்மையில் தேவைப்படும் ஒரு நாளில் அது இராது. இதனால் ஐரோப்பிய விதிகள் வேக எல்லை உதவியை அணைக்க இடம் தந்தாலும், ஒவ்வொரு முறை வண்டியைத் தொடங்கும்போதும் அது தானே மீண்டும் இயங்க வேண்டும் என்கின்றன.

குறிகள் தொடுதிரைக்கு மாறியது புதிய கேள்விகளை எழுப்பியது. 2024 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 22 இலட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பிரேக், நிறுத்துபிரேக், ஏபிஎஸ் ஆகிய எச்சரிக்கைச் சொற்களின் எழுத்து, விதிக்கப்பட்ட 3.2 மில்லிமீட்டர் உயரத்தை விடச் சிறியதாக இருந்ததே காரணம். எந்த வண்டியும் பணிமனைக்கு வரவில்லை. இணையவழி மென்பொருள் புதுப்பிப்பால் எழுத்துகள் பெரிதாக்கப்பட்டன.

மின் தானுந்துகளில்

ஆயில், எஞ்சின் விளக்குகள் மின் தானுந்துகளில் இல்லை. எஞ்சின் ஒலி இல்லாததால் வண்டி நகர ஆயத்தமாக இருப்பதைப் பச்சை விளக்கு ஒன்று காட்டுகிறது. இதைக் கவனியாமல், நின்றுவிட்டதாக எண்ணி முடுக்கியை மிதிப்பது விபத்துக்கு இடமாகும். ஆமை வடிவக் குறி ஆற்றல் குறைக்கப்பட்டிருப்பதை உணர்த்துகிறது. பேட்டரி மிகவும் இறங்கினாலோ அளவுக்கு மீறிச் சூடானாலோ குளிர்ந்தாலோ இது தோன்றும். உயர் மின்னழுத்தச் சுற்றிலிருந்து வண்டியின் உடலுக்கு மின்காப்பு குறைவதையும் கணிப்பொறி கண்காணித்துச் சிவப்பு எச்சரிக்கை தருகிறது. விளக்குகள், கதவுப் பூட்டு, கணிப்பொறிகள் ஆகியவற்றுக்காகப் பெரும்பாலான மின் தானுந்துகளில் பழைய 12 வோல்ட் பேட்டரியும் உள்ளது. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கிளம்பாது. சில வண்டிகளில் எச்சரிக்கைத் திரையே ஒளிராது.